வெடிக்கும் முள்கம்பி, வழுக்கிய கால்... ஒரு ஜப்பானிய சாம்பியன் பெல்ட்டின் கதை!

2021 மார்ச் மாதம் வைரலான அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருக்கலாம். 'ஷீல்டு' டீமில் இருந்த டீன் ஆம்ப்ரோஸ் ஞாபகம் இருக்கா? அவர் டபிள்யூ.டபிள்யூ.இ-யை விட்டுப் போய், ஏ.இ.டபிள்யூ என்ற போட்டி நிறுவனத்தில் ஜான் மாக்ஸ்லி என்ற பெயரில் ஆடிக்கொண்டிருந்தார். சாம்பியன் கென்னி ஒமேகாவுடன் டைட்டில் மேட்ச். ரிங்கில் முள்கம்பி கட்டி, அதில் வெடி வைத்திருந்தார்கள். மேட்ச் முடிந்ததும் மாக்ஸ்லியின் கைகளில் விலங்கு மாட்டி, ரிங்கிலேயே போட்டுவிட்டுப் போகிறார்கள். கடிகாரம் ஓடுகிறது. பூஜ்ஜியம் வந்தால் மொத்த ரிங்கும் வெடிக்கும் என்று கமென்ட்ரியில் கத்துகிறார்கள். எடி கிங்ஸ்டன் ஓடிவந்து மாக்ஸ்லி மேல் கவிழ்ந்து படுத்து மூடிக்கொள்கிறார்.

மூன்று... இரண்டு... ஒன்று... புஸ்ஸ்ஸ்!

தீபாவளிக்கு நனைந்துபோன புஸ்வாணம் வைத்த மாதிரி நாலு மூலையில் கொஞ்சம் பொறி. அவ்வளவுதான். அன்றிரவே மீம்ஸ் பறக்க ஆரம்பித்துவிட்டது.

சிரித்தவர்களில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. கிங்ஸ்டன் ஓடிவந்து மூடிக்கொண்ட அந்தக் காட்சி புதுசு இல்லை. 28 வருடங்களுக்கு முன்பு ஜப்பானில் நிஜமாகவே காது கிழிய வெடித்த ஒரு ரிங்கில் நடந்ததன் மறுபதிப்பு அது. அந்த ரிங்கைக் கட்டிய நிறுவனத்தின் பெயர் எஃப்.எம்.டபிள்யூ. அதன் உச்ச பட்டத்தின் பெயர் 'பிராஸ் நக்கிள்ஸ் ஹெவிவெயிட் சாம்பியன்ஷிப்'. அந்த பெல்ட்டின் கதை தெரிந்தால், மல்யுத்தத்தை நீங்கள் பார்க்கிற விதமே கொஞ்சம் மாறிவிடும்.

உடைந்த முழங்காலில் தொடங்கிய கம்பெனி

அட்சுஷி ஒனிடா. 1957-ல் நாகசாகியில் பிறந்தவர். டீன் ஏஜிலேயே 'ஆல் ஜப்பான்' நிறுவனத்தில் சேர்ந்து, ஜயன்ட் பாபா என்ற ஜாம்பவானின் கீழ் வளர்ந்தவர். 1982-ல் ஜூனியர் ஹெவிவெயிட் பட்டம் ஜெயித்தார். எதிர்காலம் செம பிரகாசமாக இருந்தது.

1983-ல் ஒரு நாள் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்ட சந்தோஷத்தில் ரிங்கிலிருந்து கீழே குதித்தார். சறுக்கியது. இடது முழங்கால் சில்லு நொறுங்கியது. மேட்ச் முடிந்துவிட்டது, எதிராளி யாரும் தொடவில்லை, சும்மா கீழே இறங்கும்போது நடந்த விபத்து அது. 1985-ல் ஓய்வு பெற வேண்டியதாயிற்று. இந்த முழங்காலை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் திரும்ப வருவோம்.

1989-ல் ஒனிடா சொந்தமாக 'ஃபிரான்டியர் மார்ஷியல் ஆர்ட்ஸ் ரெஸ்லிங்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். சுருக்கமாக எஃப்.எம்.டபிள்யூ. கையில் வெறும் 50,000 யென்தான் இருந்தது என்பது ஜப்பானிய ரசிகர்கள் இன்றும் சொல்லும் கதை. எதிரே நிற்பவை 'நியூ ஜப்பான்', 'ஆல் ஜப்பான்' என்ற இரண்டு மலைகள். அவர்களிடம் டி.வி ஒளிபரப்பு இருந்தது, பெரிய நட்சத்திரங்கள் இருந்தார்கள். ஒனிடாவிடம் இருந்தது வேகமாக ஓடவும் முடியாத, உயரமாகக் குதிக்கவும் முடியாத ஒரு கால்.

அப்போ எதை விற்பது?

வலியை விற்றார். முள்கம்பி, ரத்தம், அதற்குப் பிறகு மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு அழுகை. தோற்றவன் எழுந்து நிற்கும் கதையை ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். ரசிகர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயரிலேயே 'கண்ணீர்' இருக்கிறது.

வெடிக்கிற கம்பி எப்படி வேலை செய்யும்?

1990 ஆகஸ்ட் 4. டோக்கியோவின் ஷியோடோமே பகுதியில், பழைய சரக்கு ரயில் நிலையம் இருந்த காலி இடத்தில் ரிங் போட்டார்கள். ஒனிடாவுக்கும் டார்சான் கோட்டோவுக்கும் மேட்ச். ரிங்கின் கயிறுகளை மொத்தமாகக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் முள்கம்பி. கம்பியோடு சின்னச் சின்ன வெடிகள். உடம்பு கம்பியில் மோதினால் 'டமார்' என்று சத்தம், பொறி, புகை. உலகின் முதல் 'வெடிக்கும் முள்கம்பி டெத்மேட்ச்' அதுதான். அந்த வருடத்தின் சிறந்த மேட்ச் விருதை 'டோக்கியோ ஸ்போர்ட்ஸ்' நாளிதழ் இதற்குத்தான் கொடுத்தது.

இதில் ஒரு தந்திரம் இருக்கு. சாதாரண மேட்சில் பார்வையாளருக்கு டென்ஷன் ஏற்ற வேண்டுமென்றால் வீரர்கள் பறக்கணும், சுழலணும், 20 நிமிடம் மூச்சு வாங்கணும். இங்கே அது தேவையில்லை. இரண்டு பேரும் கம்பிக்கு அரை அடி தூரத்தில் பிடித்துக்கொண்டு தள்ளாடினாலே போதும், கூட்டம் சீட் நுனிக்கு வந்துவிடும். ஓட முடியாத காலுக்காகவே செய்த ரிங் மாதிரி இல்லை?

பிறகு இதில் ஒரு 'டைம் பாம்' சேர்த்தார்கள். குறிப்பிட்ட நேரத்துக்குள் மேட்சை முடிக்காவிட்டால் மொத்தமாக எல்லா வெடியும் வெடிக்கும். சைரன் அலறும். ஜெயித்தவன் வெளியே ஓடித் தப்பிக்கலாம். தோற்று மயங்கிக் கிடப்பவன்?

1993 மே 5-ம் தேதி, கவாசாகி ஸ்டேடியத்தில் இந்தக் கேள்விக்குத்தான் ஒனிடா பதில் சொன்னார். எதிராளி, அமெரிக்க ஜாம்பவான் டெர்ரி ஃபங்க். ஒனிடா ஜெயித்துவிட்டார். சைரன் அடிக்கிறது. ஃபங்க் எழவில்லை. தட்டி எழுப்பிப் பார்க்கிறார், முடியவில்லை. வெளியே போன ஒனிடா திரும்ப உள்ளே வந்து, ஃபங்க் மேல் படுத்துத் தன் உடம்பால் மூடிக்கொள்கிறார். ரிங் வெடிக்கிறது. 2021-ல் எடி கிங்ஸ்டன் செய்தது இதைத்தான்.

'எல்லாம் செட்டப்தானேப்பா?'

ரெஸ்லிங் பற்றிப் பேச்செடுத்தாலே இந்தக் கேள்வி வந்துவிடும். நேரடியாகவே பேசிடலாம்.

ஆமாம், யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே முடிவு செய்யப்படுவதுதான். ஃபங்க் எழவில்லை என்பதும் கதையின் ஒரு பகுதிதான். ஆனால் முள்கம்பி, முள்கம்பிதான். தோல் கிழிந்தால் வருவது ரத்தம்தான். தன் உடம்பில் போட்ட தையல்கள் ஆயிரத்தைத் தாண்டும் என்று சொல்பவர் ஒனிடா.

அப்போ முன்பே முடிவான போட்டியில் சாம்பியன் பெல்ட்டுக்கு என்ன மதிப்பு?

சினிமாவில் ஹீரோ யார் என்பதும் முன்பே முடிவானதுதான். ஆனாலும் எந்தப் பெயரை போஸ்டரில் பெரிதாகப் போடுவது என்று தயாரிப்பாளர் யோசிப்பார் இல்லையா? 'இவனுக்காகக் கூட்டம் டிக்கெட் வாங்கும்' என்ற நம்பிக்கை அது. ரெஸ்லிங் பெல்ட்டும் அப்படித்தான். 'இனி இந்தக் கம்பெனியை இவன் தூக்கிச் சுமப்பான்' என்று நிறுவனம் வெளிப்படையாகச் சொல்லும் வழி. அதனால்தான் ஓய்வு பெறும் சாம்பியன், தன் கடைசி மேட்சில் இளைய வீரரிடம் தோற்றுவிட்டுப் போவது இந்தத் தொழிலில் ஒரு மரியாதை. தோற்பதுதான் அவர் கொடுக்கும் சொத்து.

பிராஸ் நக்கிள்ஸ் என்பது விரல்களில் மாட்டிக்கொண்டு குத்துகிற உலோக வளையம். அமெரிக்காவில் டெக்சாஸ், ஃபுளோரிடா பக்கமெல்லாம் அந்தப் பெயரில் ஏற்கெனவே முரட்டுப் பட்டங்கள் இருந்தன. எஃப்.எம்.டபிள்யூ-வில் அது கம்பெனியின் உச்ச பட்டமாகவே ஆனது. அதை ஒனிடா யாரிடம் கொடுத்துவிட்டுப் போவார் என்பதுதான் 1995-ன் கேள்வி.

கொடுக்காமல் போன பெல்ட்

1995 மே 5. மறுபடி அதே கவாசாகி ஸ்டேடியம். ஒரு காலத்தில் 'லோட்டே ஓரியன்ஸ்' என்ற பேஸ்பால் அணியின் வீடு. அந்த அணி 1992-ல் வேறு ஊருக்குப் போய்விட்டது. அந்த மைதானத்தில் அன்று 58,250 பேர் என்று நிறுவனம் அறிவித்தது. டி.வி பலம் இல்லாத, 50,000 யென் கதை சொல்லும் ஒரு கம்பெனிக்கு இது சாதாரண விஷயமா?

ஒனிடாவின் ஓய்வு மேட்ச். பட்டமும் பணயத்தில் இருந்தது. முதலில் எதிராளியாக இருக்க வேண்டியவர் பழைய கூட்டாளி டார்சான் கோட்டோ. மேட்சுக்குச் சில நாட்கள் முன்பு அவர் கம்பெனியை விட்டே விலகிவிட்டார். அந்த இடத்துக்கு வந்தவர் 26 வயது ஹயபுசா.

நிஜப் பெயர் எய்ஜி எசாகி. குமமோட்டோ மாகாணத்துக்காரர். எஃப்.எம்.டபிள்யூ-வில் கீழ்மட்டத்திலிருந்து தொடங்கி, மெக்சிகோவுக்குப் போய் முகமூடி போட்டுக்கொண்டு, பறக்கிற கலையைக் கற்றுக்கொண்டு திரும்பியவர். ஹயபுசா என்றால் வல்லூறு. ஒனிடாவுக்கு நேர் எதிர். ஒனிடா தரையில் கிடந்து அழுதால், இவர் காற்றில் சுழல்வார். சேத் ராலின்ஸ் போடுகிற 'ஃபால்கன் ஏரோ' பார்த்திருப்பீர்கள். கார்னர் உச்சியில் முதுகைக் காட்டி நின்று, குதித்துத் திரும்பி, முன்பக்கமாகக் குட்டிக்கரணம் போட்டு விழும் 'ஃபீனிக்ஸ் ஸ்பிளாஷ்' பார்த்திருப்பீர்கள். இரண்டுமே ஹயபுசா உலகத்துக்குக் கொடுத்தவை.

அன்று கூண்டு, முள்கம்பி, வெடி, டைம் பாம் எல்லாம் இருந்தது. வழக்கப்படி பார்த்தால் ஹயபுசா ஜெயித்து, பெல்ட்டோடு புதிய காலம் தொடங்கியிருக்க வேண்டும்.

ஒனிடா ஜெயித்தார். ஜெயித்த பெல்ட்டை விட்டுவிட்டு, ஓய்வு பெற்றார்.

ரசிகர்களுக்கு அது உணர்ச்சிகரமான விடைபெறல். கம்பெனிக்கு? ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கண் முன்னால் வாரிசு தோற்றிருக்கிறார். அடுத்த ஷோவிலிருந்து அவர்தான் டிக்கெட் விற்க வேண்டும். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், உங்கள் பாஸ் ரிட்டயர் ஆகிற அன்று, மொத்த ஆபீஸ் முன்னாடி 'என் அளவுக்கு இவன் இன்னும் வரலை' என்று காட்டிவிட்டு, சாவியை உங்கள் கையில் தராமல் மேசை மேல் வைத்துவிட்டுப் போகிறார். மறுநாள் நீங்கள்தான் கடையைத் திறக்கணும்.

அதே மைதானம், அதே தேதி, வேற விடை

சரியாக ஒரு வருடம் கழித்து, 1996 மே 5. அதே கவாசாகி. இந்த முறை ஓய்வு பெறுபவர் காம்பாட் டொயோடா. எஃப்.எம்.டபிள்யூ-வில் ஆண்களும் பெண்களும் ஒரே மேடையில், ஒரே இரவில் ஆடினார்கள். எதிராளி மெகுமி குடோ. பெண்களுக்கும் அதே வெடிக்கும் முள்கம்பி.

டொயோடா தன் கடைசி மேட்சில் குடோவிடம் தோற்றார். பட்டத்தை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினார். ஒப்படைப்பது என்றால் என்ன என்று பார்க்க விரும்பினால், முந்தைய வருட மெயின் மேட்சைவிட இதைத்தான் பார்க்கணும்.

ஒனிடாவோ 1996 முடிவதற்குள் ரிங்குக்குத் திரும்பிவிட்டார். அதற்குப் பிறகும் ஓய்வு, திரும்பி வருதல், ஓய்வு, திரும்பி வருதல் என்று அவர் வாழ்க்கை போனது. இது ஜப்பானில் ஒரு ஜோக்காகவே ஆகிவிட்டது.

பிராஸ் நக்கிள்ஸ் பட்டம் பல கைகள் மாறியது. பின்னர் இன்னொரு பட்டத்தோடு சேர்ந்து 'இரட்டைப் பட்டம்' ஆனது. 1998 ஏப்ரல் 30-ம் தேதி ஹயபுசா அதை ஜெயித்தார். தோற்றவர் மிஸ்டர் கன்னோசுகே, ஹயபுசாவின் கல்லூரிக் காலத்து நண்பர். ஒனிடா கையால் கிடைக்காததை, மூன்று வருடம் பறந்து பறந்து, அடிபட்டு அடிபட்டு சம்பாதித்துக்கொண்டார். அந்தக் காலத்தில் கம்பெனியும் வெடிகளைக் குறைத்துக்கொண்டு, கதைக்கும் வேகத்துக்கும் மாறத் தொடங்கியிருந்தது.

வெடிக்காத இடத்தில்...

இப்போது அந்த முழங்காலுக்குத் திரும்பலாம்.

2001 அக்டோபர் 22. டோக்கியோவின் கொராக்குவென் ஹால். எதிராளி மாமத் சசாகி. அன்று முள்கம்பி இல்லை. வெடி இல்லை. சாதாரணக் கயிறு கட்டிய சாதாரண ரிங்.

ஹயபுசா நடுக்கயிற்றில் ஏறித் துள்ளி, பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போட்டு எதிராளி மேல் விழும் ஒரு மூவ் போடப் போனார். கிறிஸ் ஜெரிக்கோவின 'லயன்சால்ட்' தெரியுமே, அதேதான். அவர் எத்தனையோ முறை போட்ட மூவ். கயிற்றில் கால் வழுக்கியது. முழுச் சுற்று சுற்றவில்லை. தலைகீழாக விழுந்தார். கழுத்து எலும்பு உடைந்தது. அந்த நொடியிலிருந்து கை கால் அசையவில்லை.

கூண்டு, வெடி, டைம் பாம் எல்லாவற்றிலிருந்தும் நடந்து வெளியே வந்த மனிதர், ஒரு கயிற்றில் வழுக்கி விழுந்தார். பட்டத்தைக் காப்பாற்றிவிட்டு ரிங்கிலிருந்து இறங்கும்போது ஒனிடாவின் முழங்கால் போனதும் இப்படித்தான்.

இது விதி என்று சொல்ல வரவில்லை. காரணம் இருக்கு. வெடி வைத்த மேட்சில் எல்லோருக்கும் பயம் இருக்கும். வெடியின் அளவை முன்பே யோசிப்பார்கள். கம்பிக்கு எவ்வளவு நெருக்கமாகப் போகலாம், எப்படி முகத்தைத் திருப்பிக்கொள்வது என்று பேசி வைத்திருப்பார்கள். சுருக்கமாக, அந்த ஆபத்துக்கு ஆள் போட்டுக் காவல் வைத்திருப்பார்கள். தினமும் போடுகிற ஒரு குட்டிக்கரணத்துக்கு அந்தக் காவல் இல்லை. களைப்போ, கயிற்றில் கொஞ்சம் வியர்வையோ, ஒரு அங்குலம் தள்ளி வைத்த காலோ போதும். பார்க்கிறவருக்கு பயங்கரமாகத் தெரிவது ஒன்று, கழுத்தை உடைப்பது வேறொன்று. 'எல்லாம் செட்டப்' என்று சொல்லும்போது நாம் மறந்துபோவதும் இதைத்தான். முடிவை எழுதி வைக்கலாம், தரையின் கடினத்தை யாரும் எழுதி வைக்க முடியாது.

அதே 2001-ல், ஜூலை மாதம், ஒனிடா ஜப்பான் நாடாளுமன்றத்தின் மேலவைக்குத் தேர்வானார். மூன்று மாதம் கழித்து ஹயபுசா விழுந்தார். தன்னைத் தூக்கிச் சுமந்த நட்சத்திரம் இல்லாமல் எஃப்.எம்.டபிள்யூ-வால் சில மாதங்கள்கூட நிற்க முடியவில்லை. 2002 பிப்ரவரியில் கடன் சுமையில் மூடப்பட்டது. பெல்ட் என்பது ஒரு கம்பெனியைச் சுமப்பதற்கான அடையாளம் என்று முன்னால் சொன்னேன் இல்லையா? அந்தச் சுமை உண்மையிலேயே யார் தோளில் இருந்தது என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

அதன் பிறகு

ஹயபுசா வீல்சேரில் உட்கார்ந்துகொண்டே பாட ஆரம்பித்தார். பாடகராக மேடையேறினார். பல வருடப் பயிற்சிக்குப் பிறகு, ஊன்றுகோல் பிடித்து எழுந்து நிற்கவும் சில அடிகள் நடக்கவும் முடிந்தது. 2015-ல் எஃப்.எம்.டபிள்யூ பெயரை மறுபடி உயிர்ப்பித்தபோது, அதை முன்னின்று நடத்தியவர்களில் அவரும் ஒருவர். ரிங் அவர் கழுத்தை உடைத்திருந்தது. ஆனாலும் அவர் ரிங்கை விட்டுப் போகவில்லை. 2016 மார்ச் 3-ம் தேதி, மூளையில் ஏற்பட்ட ரத்தக்கசிவால் இறந்தார். வயது 47.

யூடியூபில் தேடினால் இந்த மேட்சுகளின் துண்டுகள் கிடைக்கும். ரத்தம் பார்த்தால் தலைசுற்றும் என்றால் முள்கம்பி மேட்சுகளை விட்டுவிடுங்கள், தப்பில்லை. ஹயபுசாவின் ஃபீனிக்ஸ் ஸ்பிளாஷை மட்டும் பாருங்கள். காற்றில் அவர் திரும்பும் அழகைப் பார்த்த பிறகு, வீடியோவைக் கொஞ்சம் பின்னால் ஓட்டி, குதிப்பதற்கு முன்பு கயிற்றின் மேல் அவர் பாதம் எங்கே இருக்கிறது, அதை எப்படி ஒரு கணம் சரிசெய்துகொள்கிறார் என்று பாருங்கள். வீட்டு மெத்தையில் தம்பியை வைத்து ட்ரை பண்ணிப் பார்க்கும் ஆசை வந்தால், அந்தப் பாதத்தை மறுபடி ஒருமுறை பாருங்கள்.